இரண்டிலிருந்து மூன்று வரை ரூபி டீச்சர்

பேய் என்றால் சிரிப்பேன். சாமி என்றாலும் அவசரமாக எழுந்து நிற்கிற ஆள் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் முழுவதையும் கேட்டுவிட்டு, "இவர் ஏற்கெனவே அந்த மாதிரி ஆள்தான்" என்று நீங்கள் ஒதுக்கிவிடுவீர்கள். பழனிசெட்டிபட்டியில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார், மாவு மில் மோட்டார், போர்வெல் மோட்டார் எல்லாம் வரும். எரிந்துபோன மோட்டாரை இறக்கிப் போட்டுவிட்டு, "யாரோ செய்வினை வச்சுட்டாகண்ணே, இது மூணாவது தடவை" என்று அழுகிற விவசாயச் சம்சாரிகளைப் பார்த்திருக்கிறேன். பிரித்துப் பார்த்தால் பேரிங் தேய்ந்திருக்கும், செய்வினை அவ்வளவுதான். டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை. அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

நான் சின்னமனூர் பக்கத்து வாழைத்தோட்டக்காரர் மகன். எஸ்தரை விரும்பிக் கட்டினேன். ஞானஸ்நானம் எடுத்தால்தான் பெண் தருவோம் என்று அவள் வீட்டில் சொன்னார்கள், அதற்கென்ன என்று தலையை நனைத்துக்கொண்டேன். சபைப் பதிவேட்டில் மோசஸ், கடை போர்டில் முருகேசன். கிறிஸ்துமசுக்கும் ஈஸ்டருக்கும் கோயிலுக்குப் போவேன், கடைசி பெஞ்சில் உட்காருவேன், பிரசங்கம் நீண்டால் மைக் செட்டில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துக்கொண்டிருப்பேன். எஸ்தர் இதற்கெல்லாம் என்னிடம் சண்டை போட்டதே இல்லை. "நீங்க வந்து உக்காந்தாப் போதும், மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்பாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு அவள், அவளுக்கு நான், அப்படியே பதினேழு வருசம் ஓடியது.

ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை பார்த்தாள். பட்டியல் போடுவதென்றால் அவளுக்கு அத்தனை பிரியம், அதனாலேயே சபையில் சங்கிலி ஜெபத்தை அவள் தலையில் கட்டியிருந்தார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சபையில் யாருக்காவது தாங்க முடியாத கஷ்டம் வந்தால் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை பன்னிரண்டு வீடுகள், வீட்டுக்கு ஒரு மணி நேரம் என்று பிரித்துக்கொள்வார்கள். அவரவர் வீட்டிலேயே முழங்காலில் நின்று ஜெபிக்க வேண்டும். தன் நேரம் முடிந்ததும் அடுத்த வீட்டுக்குப் போன் போட்டு, "நேரம் முடிஞ்சிருச்சு, நீங்க ஆரம்பிங்க" என்று கைமாற்ற வேண்டும். என்ன கேட்டு ஜெபிப்பது என்றும் ஒரு வார்த்தை சொல்வார்கள். முழுப் பட்டியல் எஸ்தரிடம் மட்டும்தான் இருக்கும். மற்றவர்களுக்குத் தன்னுடைய நேரமும், தான் கூப்பிட வேண்டிய அடுத்த நம்பரும் தவிர ஒன்றும் தெரியாது. தனக்கு முன்னால் ஜெபித்தது யார் என்றுகூடத் தெரியாது, போன் போடுகிறவர்கள் பெயர் சொல்வதும் வழக்கமில்லை. இதென்ன ரகசியம் என்று கேட்டேன். "பேரு தெரிஞ்சா பெருமை வந்துரும்ங்க" என்றாள். நடுவில் ஒரு வீடு விட்டுப்போனால் என்ன ஆகும், சீரியல் செட்டில் ஒரு பல்பு போன மாதிரி எல்லாம் அணைந்துவிடுமா என்று கிண்டல் பண்ணினேன். "ஆமா, அப்படித்தான் வச்சுக்கங்களேன்" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.

போன வருசத்துக்கு முந்திய வருசம், ஐப்பசி மழை பிடித்த நேரம். காலையில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தவள், "ஏங்க, பின்மண்டையில யாரோ அடிச்ச மாதிரி இருக்குங்க" என்றாள். நான் செருப்பைத் தேடிக்கொண்டே, "மாத்திரை போடு" என்றேன். அந்த வார்த்தையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்காது. திரும்பிப் பார்க்கும்போது தரையில் கிடந்தாள்.

தேனியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆண்டிபட்டிக் கணவாயில் ஆம்புலன்ஸ் ஏறும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன், அந்தக் கை திருப்பிப் பிடிக்கவே இல்லை. மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள். ஆபரேஷன் நடந்தது. தொண்டையில் குழாய் போட்டு மூன்றாவது மாடியில் ஐ.சி.யூ.வில் வைத்தார்கள். காலையில் ஐந்து நிமிசம், மாலையில் ஐந்து நிமிசம் உள்ளே போய்ப் பார்க்கலாம், மற்ற நேரமெல்லாம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்ச். டாக்டர் நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. "முழிச்சாத்தான் சொல்ல முடியும்" என்று மட்டும் சொன்னார். அவள் முழிக்கவே இல்லை.

எட்டாம் நாள் வியாழக்கிழமை, துணிமணி எடுப்பதற்காகப் பழனிசெட்டிபட்டிக்கு வந்திருந்தேன். அப்போது போதகர் போன் பண்ணினார். அவர் எங்கள் சபைக்கு மாறி வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, ஆட்கள் பழகவில்லை.

"தம்பி, நாளைக்கு எஸ்தருக்காகச் சங்கிலி ஜெபம் வைக்கணும். பட்டியல் அவங்ககிட்டத்தான் இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. கொஞ்சம் தேடிப் பாருங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. பட்டியல் போடுகிறவளே படுத்துக் கிடக்கிறாள், இதில் ஜெபம் ஒன்றுதான் குறைச்சலா என்று நினைத்தேன். ஆனாலும் அவளுடைய டைரியை எடுத்துப் புரட்டினேன். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை அழகான கையெழுத்தில் பெயரும் நம்பருமாக ஒரு பக்கம் இருந்தது. படிக்கவில்லை. அவள் எழுத்தைப் பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை. போட்டோ எடுத்துப் போதகருக்கு அனுப்பிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். அந்த டைரியில் அதே மாதிரி இன்னும் இரண்டு மூன்று பக்கங்கள் இருந்தன என்பதும், நான் அனுப்பியது பழைய பக்கம் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. எந்த மோட்டாரையும் பிளேட்டில் இருக்கிற நம்பரைப் படிக்காமல் தொடமாட்டேன் என்று பீற்றிக்கொள்கிறவன் செய்த வேலை இது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. அன்றைக்கு ஜெபம் நடக்கிறது என்பதே எனக்கு நினைவில்லை. ஒன்பது நாள் தூக்கம் கிடையாது. இட்லி வாங்கினால் தொண்டையில் நிற்கும், டீ மட்டும்தான் இறங்கியது. காலை ஐந்து நிமிசத்தில் எஸ்தரின் காலைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. வெளியே வந்து மாடிப்படி திரும்புகிற இடத்தில் போய் நின்றேன். அங்கே ஒரு ஜன்னல் உண்டு. அந்த ஜன்னலுக்குக் கம்பி இல்லை என்பதை இரண்டு நாளாகக் கவனித்து வைத்திருந்தேன். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்லமாட்டேன், உங்களுக்கே புரியும். மத்தியானம் முழுக்க அங்கேதான் நின்றேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை, ஆஸ்பத்திரியில் கசங்கிய சட்டையோடு நிற்கிற ஒரு ஆளை யார் கவனிப்பார்கள்?

எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது, அதனால்தான் நேரம் சொல்ல முடிகிறது. மூன்று மணி தாண்டி இரண்டு மூன்று நிமிசம் இருக்கும். வெளிச்சம் தெரிந்தது, குரல் கேட்டது என்றெல்லாம் கதை விடப் போவதில்லை. எனக்குப் பசித்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். ஒன்பது நாள் கழித்து, சின்ன வயதில் வாய்க்காலில் குளித்துவிட்டு வீட்டுக்கு ஓடுவோமே, அந்தப் பசி. ஜன்னலை விட்டு விலகிக் கீழே இறங்கிக் கேண்டீனுக்குப் போனேன். இரண்டு பொட்டலம் தயிர்சாதம் சாப்பிட்டேன், ஊறுகாயைக்கூட விடவில்லை. மேலே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததுதான் தெரியும், யாரோ தோளைப் பிடித்துப் படுக்க வைத்த மாதிரி தூங்கிப்போனேன். என் நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ நகர்த்திவிட்டார்கள் என்று தூக்கத்திலேயே நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது.

நர்ஸ் வந்து எழுப்பினாள். "அண்ணே, எந்திரிங்க, டாக்டர் கூப்பிடுறாரு." எழுந்து நின்றபோது, "சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்களே" என்றாள். குனிந்து பார்த்தேன், தையல் எல்லாம் வெளியே தெரிந்தது. விடியற்காலை அரை இருட்டில் குளித்துவிட்டு மாட்டியது, பகல் முழுக்க அப்படியே அலைந்திருக்கிறேன். ஐந்து நாற்பதுக்கு எஸ்தர் போய்விட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன், அந்த மட்டும் கொடுத்து வைத்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எந்தச் சத்துருவுக்கும் நடக்கக் கூடாது. மணி ஆறைத் தாண்டி ஐந்து நிமிசம், அவள் முகத்தைத் துணியால் மூடிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, என் போன் அடித்தது. தேனி பஜாரில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிற பொன்ராஜ் அண்ணாச்சி, எங்கள் சபைக்காரர்.

"மாப்ள, தோத்திரம்! எஸ்தர் நல்லாயிட்டாளாமே! கேட்டதும் வீட்டுல எல்லாரும் அழுதுட்டோம் மாப்ள. ஜெபம் முடியட்டும்னுதான் இவ்வளவு நேரம் கூப்பிடல. கர்த்தர் பெரியவர்!"

"ஆமாண்ணாச்சி" என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்னொரு போன் வந்தது. பிறகு இன்னொன்று. சபை வாட்ஸ்அப் குரூப்பில் கை கூப்புகிற படங்களாக வந்து விழுந்தன. எஸ்தர் நல்லாயிட்டா, எஸ்தர் நல்லாயிட்டா. ஒவ்வொரு தடவை போன் சிணுங்கும்போதும் அவள் ஒரு தடவை செத்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் அவளை வைத்துவிட்டு வந்தோம். அத்தனை பேரும் என் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார்கள். ஒரு வாரம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தேன். எட்டாம் நாள் எனக்குள் அழுகை போய் ஆத்திரம் வந்தது. சாகப்போகிறவளை நல்லாயிட்டாள் என்று சொன்னது யார்? அவளுக்காகக் கேட்டுக்கொண்டிருந்த ஜெபத்தைப் பாதியில் நிறுத்தியது யார்? எனக்கு ஜெபத்தில் நம்பிக்கை இல்லைதான். ஆனால் அவளுக்கு இருந்தது. ஊரில் எத்தனையோ பேருக்குப் பட்டியல் போட்டவளுக்கு அவளுடைய கடைசி நேரத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அந்த ஆளைக் கண்டுபிடித்துச் சட்டையைப் பிடிக்காமல் விடுவதில்லை என்று கிளம்பினேன்.

லைனில் எங்கேயாவது ஃபால்ட் இருந்தால் பல்பிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும், அதுதான் எங்கள் தொழில் முறை. கடைசி ஒரு மணி நேரம் ஜான்சன் சார், ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர். ஐந்து மணிக்குத் தனக்குப் போன் போட்டது பொன்ராஜ் அண்ணாச்சி வீடு என்று போனில் நம்பரைப் பார்த்துச் சொன்னார். அண்ணாச்சி கடையில் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவில் என்னை உட்கார வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்குச் சொன்னது லில்லி, மாப்ள. நாலு மணிக்குப் போன் போட்டா. எஸ்தருக்கு நல்லாயிருச்சு, இனிமே ஒனக்குப் பெலன் கேட்டு ஜெபிக்கணும்னு சொன்னா. நாங்க அதைத்தான் கேட்டோம். ஜான்சன் சாருக்கும் அப்படியேதான் சொன்னேன்." அதாவது மூன்றிலிருந்து ஆறு வரை அத்தனை பேரும் ஜெபித்தது எனக்காக, எனக்குத் தெம்பு கேட்டு.

லில்லி அக்கா எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, பெண்களுக்குத் துணி தைக்கிறவர். நான் உள்ளே போனதும் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டார். என் முகத்தைப் பார்த்ததுமே எதற்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்துபோயிற்று.

"நானா ஒண்ணும் சொல்லல தம்பி. மூணு மணிக்குப் போன் வந்துச்சு. அதுல சொன்னதத்தான் சொன்னேன்."

"யாரு பேசுனது?"

"தெரியல தம்பி. வயசான பொம்பளைக் குரலு, நிதானமாப் பேசுனாக. பேரு கேக்குறது வழக்கமில்லையே. ஆஸ்பத்திரியில ஒங்க பக்கத்துல இருந்து யாரோ பேசுறாகன்னு நினைச்சுக்கிட்டேன்."

"என் பக்கத்துல யாருமே இல்லக்கா. என்ன சொன்னாக? ஒரு வார்த்தை விடாமச் சொல்லுங்க."

லில்லி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "'எஸ்தருக்கு இனி ஒரு குறையும் இல்ல தாயி, அவளுக்குக் கேட்டது போதும். அவ வீட்டுக்காரருக்குப் பெலன் கேளுங்க. பாவம், சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு ஜன்னல்கிட்ட நிக்கிறாரு, மொதல்ல அவருக்காகக் கேளுங்க'ன்னு சொன்னாக. ஒனக்கு அலைச்சல்ல ஒடம்பு முடியலபோலன்னுதான் நினைச்சேன் தம்பி. சட்டை அது இதுன்னதெல்லாம் எனக்கு வெளங்கல, அதான் மத்தவுககிட்டச் சொல்லல."

நான் சட்டையைப் பிடிக்கப் போனவன். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சட்டை விசயம் எனக்கே மாலையில்தான் தெரியும். ஜன்னலைப் பற்றி நான் ஒரு ஜீவனிடமும் வாய் திறந்ததில்லை. நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் சந்தேகப்படுங்கள், நானும் மாதக்கணக்கில் சந்தேகப்பட்டுப் பார்த்தேன், இந்த இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றுவிடும். லில்லி அக்காவின் பட்டன் போனை வாங்கிப் பார்த்தேன். கடைசி இருபது அழைப்புகள்தான் அதில் நிற்கும். ஒரு வாரத்தில் எல்லாம் போய்விட்டது.

அங்கிருந்து நேராகப் போதகர் வீட்டுக்குப் போனேன். இரண்டிலிருந்து மூன்று வரை யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். நான் அனுப்பிய போட்டோவைத் திறந்து விரலால் பெரிதாக்கிக் காட்டினார். ஒன்றிலிருந்து இரண்டு, போதகர் என்று இருந்தது. அதற்குக் கீழே இரண்டிலிருந்து மூன்று வரை ரூபி டீச்சர் என்று எஸ்தரின் கையெழுத்தில் இருந்தது.

"ரெண்டு மணிக்கு நான்தான் போன் போட்டேன் தம்பி. மணி போச்சு, எடுக்கல. டீச்சர் முழங்கால்ல நிக்கிறாங்கபோல, தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டேன். முந்தின நாளே மெசேஜும் அனுப்பியிருந்தேன். ஏன், என்னாச்சு?"

"ஐயா, ரூபி டீச்சர் செத்து ரெண்டு வருசம் ஆச்சு."

ரூபி டீச்சர் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் ஆகாதவர், எஸ்தருக்கு ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவர். அவர் வீட்டுக்கு வயரிங் செய்ததே நான்தான். அடக்கத்துக்கும் போயிருந்தேன், பெட்டியை இறக்கும்போது கயிற்றின் ஒரு முனை என் கையில் இருந்தது. அதனால் ஆள் மாறிப்போச்சு என்று சொல்ல வழியில்லை. போதகர் தன் போனில் அன்றைய அழைப்பைத் தேடிக் காட்டினார், இரண்டு மணிக்குப் போட்டது பதிவாகி இருந்தது. அதே நம்பரை அவர் முன்னாலேயே என் போனில் அடித்தேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று சொன்னது. அவர் போனில் அடித்தோம், அதுவும் அப்படியே சொன்னது.

அந்த மனிதர் எனக்கு வசனம் சொல்லவில்லை, தேவ சித்தம் என்று ஆரம்பிக்கவில்லை. "எனக்கும் ஒண்ணும் தெரியல தம்பி" என்றார். அப்படிச் சொன்னதால்தான் அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

அதற்குப் பிறகு நான் பெரிய விசுவாசி ஆகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஆண்டவரிடம் எனக்கு இன்னும் சண்டை இருக்கிறது. எனக்குப் பெலன் கொடுக்கத் தெரிந்தவருக்கு அவளுக்கு உயிர் கொடுக்கத் தெரியாதா? இதைக் கோயிலில் உட்கார்ந்தே கேட்கிறேன், இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போகிறேன், சண்டை போடுவதற்காகவாவது. ஆனால் பொய் சொல்லக்கூடாது. அந்த மூன்று மணி நேரத்தில் கிடைத்தது என்னை விட்டுப் போகவில்லை. ஒற்றை ஆளுக்கு அரிசி களைந்து போடுகிற காலை நேரம் இருக்கிறதே, அதைக் கடக்கிற தெம்பு எனக்குச் சொந்தமானது இல்லை, எங்கிருந்தோ கைமாற்றிக் கொடுத்தது. கடையைத் திறந்தேன். மோட்டார் கட்டுகிறேன். உயரமான ஜன்னல்களைப் பார்த்தால் இப்போது ஜன்னலாகத்தான் தெரிகிறது.

சபையில் சங்கிலி ஜெபம் வந்தால் இரண்டிலிருந்து மூன்று வரை என் நேரம். நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு முழங்காலில் நிற்பேன். எனக்கு அழகாக ஜெபிக்கத் தெரியாது. "ஆண்டவரே, இந்தக் குடும்பத்தைப் பாருங்க" என்று சொல்வேன், அது ஒரு நிமிசத்தில் முடிந்துவிடும், மீதி நேரமெல்லாம் முட்டிவலியோடு நிற்பதுதான். நிற்கும்போது அழுகை வரும், அழுவேன். மூன்று மணிக்கு அடுத்த வீட்டுக்குப் போன் போட்டு, பேர் சொல்லாமல் கைமாற்றிவிட்டு ஷட்டரைத் தூக்குவேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை உங்களிடம் ஓரளவு நிம்மதியாகவே சொல்லியிருப்பேன். போன கிறிஸ்துமசுக்குப் பத்து நாள் முன்பு லில்லி அக்கா வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே கத்தரி படாத ஜாக்கெட் துணி, கரும்பச்சை. எஸ்தர் விழுந்த வாரத்துக்கு முந்திய வாரம் பண்டிகைக்குத் தைக்கக் கொடுத்தது என்றார். ஒரு வருசத்துக்கு மேலாகத் தன்னிடமே வைத்திருந்திருக்கிறார்.

"ஒங்கிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன் தம்பி. நீ அன்னைக்கு இருந்த இருப்புல சொல்லத் தைரியம் வரல. அந்தப் போன்ல அவுக பேசி முடிச்சதும் பின்னால எஸ்தர் குரலு கேட்டுச்சு. 'அக்கா, அந்தத் துணிய வெட்டிராதீக, எனக்கு வேண்டாம், வேற யாருக்காச்சும் ஆகும்'னு. அவ குரலேதான் தம்பி, எனக்குத் தெரியாதா? அதக் கேட்டுத்தான் நல்லாயிட்டான்னு நான் அடிச்சுச் சொன்னேன்."

"குரலு எப்படிக்கா இருந்துச்சு?"

"சந்தோசமாத்தான் இருந்துச்சு. எங்கயோ கெளம்புற அவசரத்துல சொன்ன மாதிரி."

மூன்று மணிக்கு எஸ்தர் தொண்டையில் குழாயோடு கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கிடந்தாள். உயிர் இருந்தது, மெஷினில் கோடு ஓடிக்கொண்டிருந்தது. நான் இருபதடி தள்ளி நின்றேன். லில்லி அக்கா போகும்போது வாசலில் கொஞ்ச நேரம் நின்றார், இன்னும் ஏதோ சொல்ல இருக்கிற மாதிரி பார்த்தார், பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். தெருவில் தினமும் அவரைப் பார்க்கிறேன், நலம் விசாரிக்கிறேன். அந்தப் போனில் என்னைப் பற்றி எஸ்தர் ஏதாவது சொன்னாளா என்று மட்டும் கேட்டதில்லை. ஒரு துண்டுத் துணி ஞாபகம் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். எனக்கென்று ஒன்றும் சொல்லவில்லை என்று லில்லி அக்கா வாயால் கேட்டுவிட்டால், எனக்கு யார் என்ன பெலன் கேட்டும் பத்தாது.